வல்லூறுத் தலையும் இரும்புக் காலும்: 'இம்மார்ட்டல்' படத்துக்கு ஒரு வக்காலத்து

முதல் தடவை இந்தப் படத்தை இருபதாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். இனி வரப்போவது முழுக்க வக்காலத்து என்பதால் இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் முப்பரிமாண அனிமேஷனில் லைட்டிங் வேலை பார்ப்பவன். மெழுகுபோல் ஒரு முகம் திரையில் வந்தால் போதும், கதை என் காதில் ஏறாது. 'இம்மார்ட்டல்' படத்தில் மெழுகு முகங்களுக்குப் பஞ்சமே இல்லை. "2004-ல் இதையா தியேட்டரில் விட்டார்கள்?" என்று லேப்டாப்பை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு இரண்டு தடவை முழுதாகப் பார்த்தேன். இப்போது யாராவது இதைக் குப்பைப் படம் என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

கதையைக் கேட்டாலே பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். 2095-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தின் மேலே, மன்ஹாட்டன் வானத்தில், ஒரு பிரமிடு வந்து நிற்கிறது. கல் பிரமிடு, அந்தரத்தில். உள்ளே எகிப்தியக் கடவுள்கள் அனுபிஸ், பாஸ்டெட், ஹோரஸ்: நரித்தலை, பூனைத்தலை, வல்லூறுத் தலை. ஹோரஸுக்கு மற்ற கடவுள்கள் மரண தண்டனை விதித்திருக்கிறார்கள். அவருக்கு ஏழு நாள் அவகாசம். அதற்குள் தன் வாரிசைச் சுமக்கக்கூடிய ஒரு பெண்ணைத் தேடி ஹோரஸ் நகரத்துக்குள் இறங்குகிறார். அதற்கு அவருக்கு ஒரு மனித உடல் வேண்டும். கூடு விட்டுக் கூடு பாய்கிறார். ஆனால் எந்தக் கூடும் தாங்கவில்லை. யூஜெனிக்ஸ் என்ற கம்பெனி ஊரில் பாதிப் பேரின் உடலை மாற்றி வைத்திருக்கிறது. கைவைத்த அந்த உடல்கள் கடவுளைத் தாங்க முடியாமல் வெடித்துப்போகின்றன.

தாங்குகிற ஒரே ஆள் நிகோபோல். அரசியல் கைதியாக முப்பது வருடம் உறைநிலைச் சிறையில் கிடந்தவன் என்பதால் அவன் உடலில் யாரும் கைவைக்கவில்லை. வானத்தில் போகும் சிறையிலிருந்து விபத்தில் கீழே விழுகிறான், உறைந்த கால் முறிந்து போகிறது. ஹோரஸ் சுரங்க ரயில் பாதைத் தண்டவாளத்தில் ஒரு துண்டை எடுத்து அதையே காலாக வளைத்துப் பொருத்திவிடுகிறார். அந்தப் பெண் ஜில் பயோஸ்கோப்: நீலக் கூந்தல், வெள்ளைத் தோல், நீலக் கண்ணீர். அவள் மனுஷியே இல்லை. மெதுவாக மனுஷியாக மாறிக்கொண்டிருக்கிறாள்.

இயக்குநர் என்கி பிலால் அடிப்படையில் படக்கதைக்காரர். 1951-ல் பெல்கிரேடில் பிறந்து, சிறுவனாகவே பாரிஸுக்குப் போனவர். 'பயோஸ்கோப்' என்றால் செர்பிய மொழியில் இன்றும் சினிமா தியேட்டர் என்றுதான் அர்த்தம். நம் தாத்தாக்கள் பயாஸ்கோப்பு என்று சொன்ன அதே சொல். நாயகிக்கு ஒருவர் சினிமா என்றே பெயர் வைத்திருக்கிறார். எனக்கு இந்த மாதிரிக் கிறுக்குத்தனம் பிடிக்கும்.

சரி, மெழுகு முகங்களுக்கு வருவோம். எல்லோரும் முதலில் கைவைக்கும் இடம் அதுதான். அதில் என் தொழிலும் இருக்கிறது.

நிஜத் தோலில் விழும் வெளிச்சம் மேற்பரப்பிலிருந்து அப்படியே திரும்பிவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளே இறங்கி, சதைக்குள் சிதறி, விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. காதுக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் மடல் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். கணினியில் இதைக் கணக்கிட்டுக் காட்டும் வழிகள் அந்தச் சமயத்தில்தான் சினிமாவுக்குள் வந்துகொண்டிருந்தன. அது இல்லாவிட்டால் முகம் பெயின்ட் அடித்த பொம்மை மாதிரி இருக்கும். இந்தப் படத்தில் கணினியில் உருவாக்கிய செனட்டர் ஆல்குட் அப்படித்தான் இருக்கிறார். அவர் பேசும்போது கன்னம் அசைகிறது, ஆனால் கன்னத்துக்குள் எதுவும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. சில இடங்களில் கணினி உருவங்கள் நடக்கையில் கால் தரையில் பதியவே இல்லை. பாதத்துக்கு அடியில் விழ வேண்டிய அந்த அடர்ந்த மெல்லிய நிழல் சரியாக இல்லாததுதான் காரணம். என் கைக்கு வந்திருந்தால் இந்த ஷாட்டுகளைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் வாதாடுகிறேன். முக்கிய வேடங்களில் நிஜ நடிகர்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள்: ஜில்லாக லிண்டா ஹார்டி, நிகோபோலாக தாமஸ் கிரெட்ஷ்மன், டாக்டர் எல்மா டர்னராக ஷார்லட் ராம்ப்ளிங், இன்ஸ்பெக்டர் ஃப்ரோபாக யான் கொலெத், முகம் மூடிய ஜானாக ஃபிரெடெரிக் பியரோ. நகரம் முக்கால்வாசி கணினியில் கட்டியது. வெறும் திரைக்கு முன்னால் நடிக்கவைத்து உலகத்தைப் பிறகு வரைந்து சேர்க்கும் முறையில் அதே 2004-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும்கூடப் படங்கள் வந்தன. அவை பளபளப்பாக இருக்கும். பிலாலின் நியூயார்க் அழுக்காக, சாம்பலும் நீலமுமாக, துருப்பிடித்து, பழைய மாடல் கார்கள் வானத்தில் ஊர்ந்துகொண்டு, அவருடைய ஓவியப் பலகையிலிருந்து ஈரம் காயாமல் எடுத்து வந்த மாதிரி இருக்கிறது. நான் லேப்டாப்பில் பார்த்தது பெரிய தப்பு. இருட்டறையில் பெரிய திரையில் பார்க்கும்போதுதான் அந்தச் சாம்பல் நிறத்துக்குள் எத்தனை நிறம் இருக்கிறது என்று தெரிந்தது.

இதில் ஒரு தலைகீழ் ஏற்பாடும் இருக்கிறது. கதைப்படி மனுஷியே இல்லாத ஜில்லுக்கு நிஜமான ஒரு பெண்ணின் தோல். மனிதர்களாக இருந்து உறுப்பு உறுப்பாக மாற்றிக்கொண்ட ஊர்க்காரர்கள் பொம்மைகள். கடவுள் குடியேறக்கூடிய ஒரே உடலான நிகோபோல் அசல் சதை. பிலால் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா, பணமும் நேரமும் போதாமல் இப்படி அமைந்ததா? திரையில் இருப்பது எப்படியும் இதுதான். யூஜெனிக்ஸ் கைவைத்த உடல்கள் வெற்றுக் கூடுகள் என்று படம் சொல்கிறது, அந்த உடல்கள் வெற்றுக் கூடுகளாகவே தெரிகின்றன. இரண்டாம் தடவை பார்த்தபோது எனக்கு இந்த முகங்கள் உறுத்தவில்லை. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாம் தடவை என் பெரியம்மா மகளோடு சேர்ந்து பார்த்தேன். அக்கா கலை வரலாறு பாடம் எடுப்பவள். எகிப்து அவளுக்குப் பிடித்த பகுதி. பிரமிடுகளைக் கட்டியது வேற்றுக்கிரகவாசிகள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். அதனால் பயந்துகொண்டேதான் போட்டேன். வானத்தில் பிரமிடு வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் எழுந்து போகவில்லை. நிகோபோலுக்குள் ஹோரஸ் நுழைகிற இடத்தில், "டேய், நிறுத்து நிறுத்து" என்றாள். "இது கஃப்ரே சிலைடா."

எனக்குப் புரியவில்லை. போனில் படம் எடுத்துக் காட்டினாள். கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கும் சிலை, ஏறக்குறைய 4500 வருடம் பழையது. இரண்டாவது பெரிய பிரமிடைக் கட்டிய கஃப்ரே மன்னன் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பக்கவாட்டில் பார்த்தால் அவன் தலைக்குப் பின்னால் ஒரு வல்லூறு, இரண்டு சிறகாலும் அவன் தலையை அணைத்தபடி. அதுதான் ஹோரஸ். "நேர் எதிரே நின்னு பாரு," என்றாள் அக்கா. நேர் எதிரே எடுத்த படத்தில் வல்லூறு தெரியவே இல்லை. ராஜா மட்டும்தான் தெரிகிறான்.

பழைய எகிப்தில் அரசன் என்பவன் ஹோரஸ் குடியிருக்கும் உடல். அவன் பெயர்களில் ஒன்றை 'ஹோரஸ் பெயர்' என்றே சொல்கிறார்கள்; அதை ஒரு அரண்மனை முகப்புக்குள் எழுதி, மேலே ஒரு வல்லூறை உட்காரவைப்பார்கள். ஒரு மன்னன் செத்தால் அடுத்தவன் ஹோரஸ் ஆகிவிடுவான். உடல் மாறும், வல்லூறு மாறாது. ஆக, கூடு விட்டுக் கூடு பாய்வது பிலால் புதிதாகப் புகுத்திய அறிவியல் புனைவுச் சமாச்சாரம் இல்லை, அந்தக் கடவுளின் பழைய உத்தியோகமே அதுதான். ராஜாவுக்குக் கிரீடமாக இருந்த விஷயம், வேண்டாம் என்று கத்துகிற ஒரு நொண்டிக் கைதிக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்று படம் யோசித்திருக்கிறது. தெருவில் போகிறவர்களுக்கு நிகோபோல் மட்டும்தான் தெரிகிறான்.

இதற்கப்புறம் அக்கா படத்தை விடவே இல்லை. ஹோரஸ் வழக்குப் பழக்கம் உள்ளவர் என்று தொடங்கினாள். கி.மு. 12-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்றில் ஹோரஸுக்கும் அவன் சித்தப்பன் சேத்துக்கும் இடையே அரியணை வழக்கு நடக்கிறது. கடவுள்களின் நீதிமன்றத்தில் எண்பது வருடம் இழுத்தடிக்கிறார்கள். நடுவில் கல்லால் படகு செய்து பந்தயம் விடலாம் என்று சேத் சவால் விடுகிறான். அவன் மலை உச்சியைப் பெயர்த்துப் படகு செய்து முங்கிப்போகிறான். ஹோரஸ் மரத்தால் படகு செய்து, மேலே சுண்ணச் சாந்து பூசிக் கல் மாதிரி காட்டுகிறான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் ஆபீஸில் தினமும் செய்வது இதைத்தான்: உள்ளே ஒன்றும் இருக்காது, மேலே கல் டெக்ஸ்சர். செனட்டர் ஆல்குட்டை அப்போதே மன்னித்துவிட்டேன்.

இன்னொரு விஷயமும் அவள்தான் சொன்னாள். இறந்தவர்களின் தீர்ப்பு நாள் ஓவியங்களில் தராசைப் பார்த்துக்கொள்பவர் அனுபிஸ். இதயத்தை ஒரு தட்டில், இறகை மறு தட்டில் வைத்து எடை போடுவார்கள். தேறியவரைக் கையைப் பிடித்து, இறந்தவர்களின் கடவுளான ஒசைரிஸிடம் அழைத்துப் போகிறவர் ஹோரஸ். இந்தப் படத்தில் அனுபிஸ் தன் இடத்திலேயே இருக்கிறார். கையைப் பிடித்து அழைத்துப் போன ஹோரஸ்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். கடவுள்கள் சாவார்களா என்று கேட்பவர்களுக்கு: எகிப்தில் சாவார்கள். ஒசைரிஸ் செத்தவர். சூரியக் கடவுள் ரா கிழவனாகி வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருக்கிறார். அந்த எச்சிலை மண்ணில் பிசைந்து ஐசிஸ் தேவி பாம்பு செய்து, அவரையே கடிக்கவிட்டு, அவருடைய ரகசியப் பெயரைக் கறந்துவிடுகிறாள். சினிமாவில் எகிப்தியக் கடவுள் என்றால் தங்கக் கவசம் போட்ட பயில்வானாக வருவார், இல்லாவிட்டால் வேற்றுக்கிரக வில்லனாக வருவார். இங்கே வருகிறவர் வயதான, எரிச்சல் பிடித்த, நேரம் போதாத ஒரு ஆள். மூலத்துக்கு எது பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

இனி, வக்காலத்து செல்லாத இடம். ஹோரஸ் நிகோபோலின் உடலைக் கொண்டு ஜில்லை வலுக்கட்டாயமாக அடைகிறார். நிகோபோலின் சம்மதமும் இல்லை, ஜில்லின் சம்மதமும் இல்லை. அது வன்புணர்ச்சி, வேறு பெயர் கிடையாது. அந்தக் காட்சியைப் படம் எடுத்திருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அதன் பாரத்தை உடனே கீழே இறக்கி வைத்துவிட்டுக் காதல் கதைக்குப் போய்விடுவதில்தான் புகார். அவளுக்கு என்ன தோன்றியது என்பதற்குப் படம் போதுமான நேரம் தரவில்லை. மனுஷியாக மாறும் ஒருத்தியின் கதை என்று சொல்லிக்கொண்டு, அவளுக்கு நடந்த மிக மோசமான விஷயத்தில் அவள் பக்கம் நிற்கவில்லை. அக்கா அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பிடிக்காதவர்கள் இதைச் சொல்லிப் படத்தை ஒதுக்கினால் நான் வாதாட மாட்டேன். முகங்கள் மெழுகு மாதிரி இருக்கின்றன என்று ஒதுக்கினால்தான் வாதாடுவேன்.

ஆனாலும் புராணத்தின் தர்க்கம் அங்கேயும் ஓடுகிறது. ஹோரஸ் எப்படிப் பிறந்தவர்? சேத் கொன்றுபோட்ட ஒசைரிஸின் உடலை ஐசிஸ் தேடி எடுத்து, உயிர் வரவழைத்து, அதிலிருந்து கருவுற்றுப் பெற்ற பிள்ளை. செத்த அப்பனுக்குப் பிறந்தவர், தான் சாகுமுன் தன் பிள்ளைக்கு வழி தேடுகிறார். தனக்கு நடந்ததைத் தவிர வேறு குடும்பக் கதை அவருக்குத் தெரியாது. படத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த வல்லூறு முகத்தின் அவசரம் வேறு மாதிரி தெரிகிறது. இது அவருக்கு மன்னிப்பு ஆகாது.

கதை புரியவில்லை என்பது அடுத்த புகார். கொஞ்சம் நியாயம்தான். சென்ட்ரல் பார்க் ஏன் யாரும் நுழையக் கூடாத, நுழைந்தவர் திரும்பாத உறைபனி மண்டலம் ஆனது, ஜான் யார், ஜில் எங்கிருந்து வந்தாள் என்பதையெல்லாம் படம் அரைகுறையாகத்தான் சொல்கிறது. ஃப்ரோபின் துப்பறிதல் நல்ல இடத்தில் ஆரம்பித்து எங்கோ கரைந்துபோகிறது. சிவப்புச் சுறா மாதிரி ஒரு கொலைகார ஜந்துவும் வருகிறது. அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. வசனமும் விறைப்பு. பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலத்தில் எடுத்த படம் என்பதால் ஆளுக்கு ஒரு உச்சரிப்பு. ராம்ப்ளிங் மட்டும் எதைப் பேசினாலும் அது நிஜம் போல் ஒலிக்கிறது.

மூலக் கதையைப் படித்தவர்களுக்குக் கோபம் இன்னும் அதிகம். பிலாலின் நிகோபோல் வரிசை மூன்று புத்தகம்: 1980, 1986, 1992. முதல் புத்தகத்தில் ஊர் பாரிஸ், வருடம் 2023, ஆட்சி பாசிஸ்டுகளுடையது. பிரமிடுக்கு எரிபொருள் தீர்ந்துபோய்க் கடவுள்கள் சர்வாதிகாரியிடம் பேரம் பேசுகிறார்கள், பொழுது போகாமல் மோனோபொலி ஆடுகிறார்கள். ஜில் அங்கே ஒரு பத்திரிகையாளர். மூன்றாவது புத்தகத்தில் சதுரங்கத்தையும் குத்துச்சண்டையையும் சேர்த்து ஒரு விளையாட்டைக் கற்பனை செய்தார் பிலால். அதைப் பார்த்துவிட்டு ஈப்பே ரூபிங் என்ற டச்சுக் கலைஞர் 2003-ல் நிஜமாகவே மேடை போட்டுப் போட்டி நடத்தினார், இன்றும் ஆடுகிறார்கள். புத்தகங்களின் அரசியல் காரம் படத்தில் பாதிகூட இல்லை, அது இழப்புதான். ஆனால் தன் கதையைத் தானே கலைத்து வேறு ஊரில், வேறு காலத்தில் போட்டுப் பார்க்கும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? நான் படத்தை முதலில் பார்த்துப் பிறகு புத்தகத்துக்குப் போனவன் என்பதால் எனக்கு இந்தச் சண்டையில் சூடு கம்மி.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். போனில் பார்க்காதீர்கள். ஆங்கில ஒலியிலேயே பாருங்கள், படப்பிடிப்பு நடந்தது அதில்தான். குழந்தைகளோடு வேண்டாம். முதல் அரை மணி நேரம் யார் யார் என்று கேள்வி கேட்காமல் நகரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். முடிவை நான் சொல்லவில்லை.

படம் முடிந்தபின் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தத் தண்டவாளக் கால்…" என்று ஆரம்பித்தாள். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு இடத்தில் எழுதியிருக்கிறாராம்: எகிப்தியர்கள் காந்தக் கல்லை ஹோரஸின் எலும்பு என்றும், இரும்பைச் சேத்தின் எலும்பு என்றும் சொல்வார்களாம். ஹோரஸின் பலம் இல்லாமல் அந்த இரும்புக் காலின் கனத்தைத் தூக்கி நடப்பது நிகோபோலுக்குப் பெரும்பாடு. காந்தம் உள்ளே இருந்தால் இரும்பு நகர்கிறது. பிலால் இதையெல்லாம் யோசித்திருப்பாரா என்று கேட்டேன்.

"யோசிச்சிருக்க மாட்டார்," என்றாள். "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடு."